பித்தளைத் தகட்டின் சந்தேகம்

அருங்காட்சியகச் சுவரில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. அதன் சட்டத்தில் 'வரைந்தவர்: ஹார்ட்வெல்' என்று பொறித்த பித்தளைத் தகடு. தகட்டுக்கு அவள்மேல் தீராத சந்தேகம்.

"அவ்வளவு பெரிய ஓவியர் வரைஞ்ச விரல் இப்படி வெண்டைக்காய் மாதிரியா இருக்கும்? உண்மையைச் சொல்லு, உன்னை வரைஞ்சது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணைக் கடைசியிலதான் வரைஞ்சாங்க. நான் பார்க்கும்போது ஒரு முதுகு போயிக்கிட்டிருந்தது" என்றாள் துரைசானி.

"நழுவுறியா? நீ அவர் வரைஞ்ச படமே இல்ல!"

சட்டத்துக்குப் பின்னாலிருந்து பல்லி சத்தமிட்டது.

"கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு!"

மறுவாரம் நிபுணர்கள் வந்தார்கள். படத்தைத் திருப்பி, பின்புறம் மங்கிக் கிடந்த வேறொரு பெயரைப் படித்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று தகடு துள்ளியது.

படத்தை மறுபடி மாட்டிவிட்டு, ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் தகட்டைக் கழற்றினார்.

"ஐயோ, பொய் சொன்னவ அவ! என்னை ஏன் கழட்டுறாங்க?"

பல்லி எட்டிப் பார்த்தது. "அவ எப்போ சொன்னா? இத்தனை வருஷமா அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டிருந்தது நீதானே?"