ஃபெர்கலின் துறவு

“இன்னிக்காவது ஒரு வார்த்தை பேசு, ஃபெர்கல்!” சாவித்துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சினாள் டிம்ப்னா. அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது, அதோடு சரி.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் டப்ளினில் நோன்பென்று ஒருவர் சர்க்கரையை விடுவார், இன்னொருவர் பீரை விடுவார். டிம்ப்னாவுக்கு நிச்சயித்திருந்த ஃபெர்கலோ உலகத்தையே விட்டுவிட்டதாக அறிவித்துக் கதவைச் சாத்திக்கொண்டான். ஈஸ்டரும் போய் கோடைக்கால ஸ்ட்ராபெரியும் வந்தாயிற்று. மாப்பிள்ளை மட்டும் வெளியே வரக் காணோம்.

ஆனால் சாப்பாட்டை விடவில்லை, மகராசன். டிம்ப்னா வாசலில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினால் தட்டு உள்ளே போகும். பளபளவென்று வெளியே வரும்.

“பேசாம வெள்ளிக்கிழமை பன்றிக்கறி வெச்சுப் பாருடி,” என்று யோசனை சொன்னாள் அவனுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி ஹன்ராட்டியம்மா. “வெள்ளிக்கிழமை கறியைத் தொடற கத்தோலிக்கன் உண்டா? தட்டைத் தூக்கிட்டு அவனே கத்திக்கிட்டு வருவான்.”

தட்டு வழக்கத்தைவிடச் சுத்தமாக வந்தது. கொழுப்புகூட மிச்சமில்லை.

“ஐயோ, கடவுளையும் விட்டுட்டானே!” படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் டிம்ப்னா.

மறுநாள் பெட்டியோடு வந்தாள். அந்நேரம் பார்த்துப் பாதித் தெருவுக்கும் ஹன்ராட்டியம்மாவிடம் அவசரமாக உப்பு வாங்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் இடமில்லை.

“நீ உலகத்தை விட்டா நானும் விடறேன். கன்னியர் மடத்துல சேரப் போறேன், முடியை வெட்டிடுவாங்க. இதான் கடைசி. வர்றியா, இல்லையா?”

“அந்தக் கூந்தலையா! அடப்பாவி, திறடா!” ஹன்ராட்டியம்மா கதவை உதைத்தாள்.

கதவு திறந்தது. கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு, யாருமே பார்த்திராத ஒரு குண்டு மனிதர் நின்றார்.

“நீ யாருய்யா?”

“ஹெர்பர்ட்டுங்க. பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த புராட்டஸ்டன்ட். பேசக்கூடாது, திறக்கக்கூடாதுன்னு சொல்லி ரூமை எனக்குக் கொடுத்துட்டு, ஃபெர்கல் தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன் அன்னிக்கே லண்டனுக்குக் கப்பல் ஏறிட்டாரு.”

டிம்ப்னாவின் பெட்டி கைநழுவி விழுந்தது. “அப்போ... உலகத்தையே துறந்துட்டேன்னாரே?”

அவர் சங்கடத்தோடு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“அவரு துறந்தது உங்களை மட்டும்தாம்மா.”