கீபோர்டு இல்லை

"பதினோரு வருஷமா மூடியே கிடந்ததுப்பா. உயிர் வருமா பாரு" என்று பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மேசையில் வைத்தார் அந்த அம்மா. காலமான கணவருடையதாம். கீபோர்டு எங்கே போனதென்றே தெரியவில்லையாம்.

மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. பவர் சப்ளையைக் கழற்றித் தனியாகச் சோதித்தார். ஒழுங்காக வேலை செய்தது. மதர்போர்டில் மாட்டினால் மட்டும் முரண்டு பிடித்தது. எங்கோ ஷார்ட். மதியம்வரை மீட்டரை வைத்துத் தடவித் தடவி, மஞ்சள் கெபாசிட்டர் ஒன்றைப் பிடித்தார். அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்ததும் விசிறி சீராக ஓடியது. வெயிலில் தூசி மெல்ல மேலெழுந்தது.

கடையிலிருந்த திரையை மாட்டியதும் அதில் வந்தது: கீபோர்டு இல்லை. தொடர ஒரு விசையை அழுத்தவும்.

"இல்லாத கீபோர்டுல எதை அழுத்துறதாம்!" என்று சிரித்தபடி, அலமாரியில் வேறொன்றைத் தேடப் போனார். திரும்பியபோது கம்ப்யூட்டர் அந்த இடத்தைத் தாண்டியிருந்தது. வெற்றுப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. அதில் ஒரு எழுத்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தப்பாக விழுந்தது அழிந்து, சரியாக விழுந்தது.

மெக்கானிக்கின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. "அணைச்சிடட்டுமாம்மா?"

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்ப்பா. அவர் ரெண்டு விரல்லதான் அடிப்பார், நேரமாகும். 'அன்புள்ள'ன்னுதானே வந்திருக்கு? இன்னும் என் பேரே வரல."

மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார். கர்சர் மினுக்கி மினுக்கி யோசித்துக்கொண்டிருந்தது.