முப்பத்தொன்று

மகேஸ்வரன் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

கவுண்டரில் இருந்த நர்ஸ் நஜ்வா அதை வாங்கி, நேராகத் திருப்பிக் கொடுத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

முப்பத்தொன்று.

ஈரலுக்கான அந்த எண் நாற்பதுக்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொன்று! பத்து பாகாட் ஊரில் அன்று காலை இவ்வளவு அழகான எண் வேறு யார் கையிலும் இருந்திருக்காது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். துணி ஆலையில் பன்னிரண்டு பேரை அதட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர், கிளினிக்கில் எல்லார் முன்னாலும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். ஓரத்தில் இருமிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் இருமலை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கவுண்டரில் அவன் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். அன்றைக்கு எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

அதுவும் தானாக வந்ததில்லை. அவனே ஆசைப்பட்டு வரவழைத்தது.

முதல் பரிசோதனையில் முப்பத்தெட்டுதான் இருந்தது. நல்ல ஈரல் என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் கோலாலம்பூரில் பெரிய பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகிற ஈரல், வெறுமனே நல்லதாக இருந்தால் ஆயிற்றா? பெண் பார்க்க ஆள் வரப்போகிற வீட்டைப் போல அதைக் கழுவித் துடைத்து வைக்க அவன் முடிவு செய்தான்.

அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா, ஈரலைச் சுத்தம் செய்யும் மூலிகைக் காப்ஸ்யூலுக்கு ஏஜெண்ட். எதற்காகக் கேட்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் டப்பாவை எடுக்க உள்ளே ஓடியிருந்தாள்.

காலையில் இரண்டு, இரவில் இரண்டு. அதோடு பச்சைப் பொடி ஒரு கரண்டி. அவன் ஆர்வக்கோளாறில் மும்மூன்றாகப் போட்டான். வாய் கசந்தது, வயிற்றைப் புரட்டியது. அழுக்கு வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் அக்கா. அவனும் மகிழ்ந்துபோய் நந்நான்கு ஆக்கினான்.

இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்த டாக்டரம்மா அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அதில் முழுதாக எழுதியிருக்கவில்லை. பதிவு எண்ணும் இல்லை.

"ஈரல் என்ன சட்டியா, தேய்ச்சுக் கழுவுறதுக்கு?"

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் எண் இறங்கவில்லை என்றால் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவன் அப்படி அழுதான்.

எட்டு வாரமும் சோறு, கங்கோங் கீரை, மீன். தலைவலிக்குக்கூட மாத்திரை கிடையாது. கூட்டாளியின் கல்யாண விருந்தில் பீர் டின்னைத் தொட்டதோடு சரி, திறக்கவில்லை. புஷ்பவள்ளி அக்கா கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாக ஓட்டம் பிடிப்பான். அக்கா சளைத்தவளா? காப்ஸ்யூலைப் பையில் போட்டு அவன் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போவாள். அன்போடு கொடுப்பதை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இன்று அவன் மோட்டார் சைக்கிள் பஞ்சர். அக்காவின் காரில்தான் வந்திருந்தான். அவள் இப்போது அவன் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"பாத்தியா தம்பி, நம்ம காப்ஸ்யூல்! இரு, போட்டோ எடுத்து குரூப்ல போடுறேன் லா."

வேறொரு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பான். முப்பத்தொன்று கொடுத்த துணிச்சலில் உண்மை தானாக வெளியே வந்தது.

"அக்கா, ரெண்டு மாசமா நான் ஒண்ணுகூட போடல. நிறுத்துனதாலதான் இறங்கிச்சு. நீங்க எத்தன வருசமா சாப்பிடுறீங்க?"

அக்காவின் கைபேசி தூக்கிய இடத்திலேயே நின்றது. அலமாக், போச்சே என்று முனகிவிட்டு மூன்று விரல்களைக் காட்டினாள்.

அவன் விடவில்லை. சிரித்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் அவனைத் திட்டிக்கொண்டே கையை நீட்டினாள். நஜ்வா ஊசியோடு வந்ததும் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

பிறகுதான் அவன் பாலோ ஊரில் இருக்கிற தங்கைக்கு போன் செய்தான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"லோஷினி! அண்ணன் ஈரல் பாஸ் ஆயிடுச்சு லா! கோலாலம்பூருக்குச் சொல்லிடு, எப்ப வேணாலும் வெட்டிக்கட்டும்!"

லோஷினி அழுதுகொண்டே சிரித்தாள். அவள் இடுப்பில் குழந்தை சிணுங்குவதும் கேட்டது.

பிறந்ததிலிருந்தே கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்த குழந்தை. வயது ஒன்றரை. அம்மாவின் ரத்தம் சேரவில்லை, அப்பாவின் ரத்தமும் சேரவில்லை. தாய்மாமனுடையது சேர்ந்தது.

அவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கால் பங்கு ஈரலே போதும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மகேஸ்வரனுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம்.