எட்டாவது பலகை

"நடைபாதை ஓரமா இந்தப் பலகையப் போட்டது நீங்கதானா?"

மாநகராட்சி அலுவலகத்தில் இன்ஜினியர் கேட்டதும் தையல்காரம்மா பயந்துபோய் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இன்ஜினியருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர், ஒரு கட்டிடக் கலைஞர். மேஜைமேல் அவளுடைய பலகை.

"நான்தாங்க. என் மகளோட சக்கர நாற்காலி பலகை இல்லாம அந்த நடைபாதைப் படியில ஏறாது."

"எங்க ஆளுங்க ரெண்டு தடவை எடுத்தும் மறுபடி போட்டிருக்கீங்க!"

"நூறு தடவை எடுத்தாலும் போடுவேன்!" பயம் போய் ரோஷம் வந்துவிட்டது.

டாக்டர் சிரித்தார். "இவ்வளவு நீளம் வேணும்னு எந்தக் கணக்குல முடிவு பண்ணீங்க?"

"கணக்காவது ஒண்ணாவது! யாரும் தள்ளாம அவளே ஏறணும். குட்டைப் பலகைன்னா செங்குத்தா நிக்குது. மாத்தி மாத்திப் பார்த்தேன். இது எட்டாவது பலகை."

இன்ஜினியர் ஒரு வரைபடத்தை விரித்தார். "நாங்க மூணு பேரும் ஒரு வருஷமா இதுக்குத்தாம்மா மண்டைய உடைச்சுக்கிட்டோம். இந்தத் தடவை உங்க பலகைய அளக்கத்தான் எடுத்துட்டு வந்தோம். இனி ஊர் பூரா நடைபாதைக்கு இந்தச் சரிவுதான்."

வரைபடத்தின் மூலையில், 'வடிவமைத்தவர்கள்' என்பதன்கீழ் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. தையல்காரம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மேல என் மக பேரைப் போடுங்க சார். ஏழு பலகையையும் சரியில்லன்னு சொன்னவ அவதான்."