கண்ணாயிரத்தின் கட்டைவிரல்

1979-இல் புதூர்நாட்டு மலையில் பூச்சி தின்னும் செடி வளர்த்த பேராசிரியர் பஞ்சாட்சரத்துக்கு, வந்திருந்த பெரிய மனிதர்களிடம் விளக்கிக் காட்ட ஒரு விரல் தேவைப்பட்டது. அவருடையது விலையுயர்ந்தது. தோட்டத்தில் கூலிக்கு இருந்தவனைக் கூப்பிட்டார்.

"கண்ணாயிரம், இலைமேல கட்டைவிரல வை. மனுசன ஒண்ணும் பண்ணாது."

"இன்னா சாமி, பிசினாட்டம் ஒட்டுது!"

மறுநாள் கண்ணாயிரம் மலையிறங்கி, தன் சாமைக் கொல்லையின் பட்டாவை வாங்கத் தாலுகா ஆபீசில் கைநாட்டு வைத்தான். வெறும் மைத்திட்டுதான் விழுந்தது, ரேகையே இல்லை.

"யாருய்யா நீ? மனுவுல இருக்கிற ரேகைக்காரன கூட்டியா," என்றார் குமாஸ்தா.

கண்ணாயிரம் மலையேறிப் போய்ப் பார்த்தான். அந்த இலையில் அவன் ரேகை படிந்திருந்தது. தொட்டியோடு தூக்கி வந்தான். இலையில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றினார்கள். மனுவிலிருந்த ரேகை அச்சு அசலாக விழுந்தது.

குமாஸ்தா எழுந்து நின்று, "வாங்கிக்குங்க," என்று பட்டாவை நீட்டினார், செடியிடம்.

இலை அதை மெல்லச் சுருட்டிக்கொண்டது.