கை நிறையப் பைகள்

தீபாவளிக்கு ஐந்து நாளே இருந்தும் ஜவுளிக்கடை காற்றாடியது. "அடுத்தவங்க கையில பையைப் பாத்தாத்தான் ஜனத்துக்கு வாங்கத் தோணும்" என்ற மேனேஜர், இரண்டு பெரிய பைகளில் பழைய செய்தித்தாளைத் திணித்து, விற்பனைப்பெண் ஜெபக்கனியைத் தெருவில் நடக்கவிட்டார். மூன்றாவது சுற்றில் ஒருத்தி அந்தப் பைகளைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சீறினாள்: "ஊரே வாங்குது. நமக்குத்தான் வக்கில்ல." சிமென்ட் படிந்த கைகளை மறைத்துக்கொண்டு அவன் தலைகுனிந்தான்.

ஜெபக்கனி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"யாருமே வாங்கலக்கா! நல்லா பாருங்க!" என்று இரண்டு பைகளையும் நடுத்தெருவில் கவிழ்த்தாள். கடைவாசலிலிருந்து மேனேஜர் கத்தினார். எதிரே, வேறொரு கடையின் பைகளோடு வந்த பெண் சட்டென்று நின்றாள். குனிந்திருந்த அந்த மனிதனைப் பார்த்தாள். பிறகு அவளும் தன் பைகளைத் தலைகீழாகப் பிடித்தாள். அவற்றிலிருந்தும் கொட்டியது பழைய செய்தித்தாள்தான்.