இரண்டாம் வேற்றுமை

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

பலகையில் இரண்டு ஜெர்மன் வாக்கியங்கள். ஆண் பெண்ணைத் தேடுகிறான். பெண் ஆணைத் தேடுகிறாள்.

ஆசிரியை கெஸ்லர் விளக்கியிருந்தார். ஆணுக்கு முன்னால் 'டேர்' வரும். அவனை யாராவது ஏதாவது செய்தால் அது 'டென்' ஆகிவிடும். பெண்ணுக்கு இரண்டு இடத்திலும் 'டீ'தான். அவள் செய்தாலும் டீ. அவளை யாராவது ஏதாவது செய்தாலும் டீ.

தமிழில் ஒரு 'ஐ' போட்டால் தெரிந்துவிடும்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார். பக்கத்து மேசை சிரியாக்காரர் ஆப்பிள் தின்பதைப் பற்றி எழுதி முடித்துவிட்டார்.

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது.

டோர்ட்முண்டுக்கு வந்து எட்டு மாதம். வகுப்பு கட்டாயம் என்று அரசு அலுவலகம் கடிதம் போட்டதால் கணவன் இளங்குமரன் அனுப்புகிறான். வகுப்பு இல்லாத நாள்களில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். பாஸ்போர்ட் அவனிடம். போன் அவனிடம். சாயங்காலம் நோட்டையும் வாங்கி வரி வரியாகப் படிக்கிறான்.

"உன் நல்லதுக்குத்தான் பாக்குறேன்" என்பான்.

வகுப்பிலும் அவன் பெயர்தான். திருமதி இளங்குமரன்.

எழுதினாள்.

கணவன் மனைவியைப் பூட்டி வைக்கிறான்.

கெஸ்லர் குனிந்து பார்த்தார். வேற்றுமை சரி. ஜெர்மன் முறைப்படி வினைச்சொல் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு கடைசியில் நின்றதும் சரி. டிக் போட்டார். சிரித்தார். அடுத்த மேசைக்குப் போனார்.

அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் அவன் இதைப் படிப்பான். ரப்பரை எடுத்தாள்.

முழு வரியையும் அழிக்கத்தான் நினைத்தாள். 'மனைவியை' என்ற சொல்லை அழித்ததும் கை நின்றுவிட்டது.

அழித்த இடத்தில் 'மிஷ்' என்று எழுதினாள்.

என்னை.

கையைத் தூக்கினாள். இந்த வகுப்பில் அவள் கை தூக்குவது முதல் தடவை. இறக்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கெஸ்லர் பார்த்துவிட்டார்.

வந்தார். படித்தார். இந்தத் தடவை டிக் போடவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அவளுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"இப்போதும் உங்களைப் பூட்டி வைக்கிறாரா?"

ஆமென்று தலையசைத்தாள்.

கெஸ்லர் அந்தத் தாளை நோட்டிலிருந்து சத்தமில்லாமல் கிழித்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து, மற்றவர்களை இடைவேளைக்குப் போகச் சொன்னார்.

இடைவேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.